பீங்கான் காது

அக்காவிடம் எதையும் சொல்லிவிடாதே என்பதுதான் பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்கு முதலில் கிடைத்த புத்திமதி. சம்பளம் எந்தக் கிழமை, சாப்பாடு எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சூளைக்குள் தள்ளும் வண்டியில் பீங்கான் ப்யூஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆள், கையை நிறுத்தாமலே சொன்னார்.

"மொபெட்டுல ஒரு அக்கா வரும். எந்த ஊரு, என்னா சாதி சனம்னு ஒண்ணு வுடாம கேக்கும். நல்ல மனுசிதான். ஆனா அதுகிட்ட காலைல ஒண்ணு சொன்னா சாயங்காலத்துக்குள்ள கம்மாபுரம் போயிரும். பேரே ரேடியோக்கா."

நான் விருத்தாசலத்துக்கு வரவேண்டும் என்று வந்தவன் இல்லை. கையில் இருந்த டிக்கெட் ஜங்ஷனோடு முடிந்தது, இறங்கினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சாயப்பட்டறை, ஓட்டல், செங்கல் லாரி என்று பல ஊர்களில் இருந்திருக்கிறேன். ஆள் வேண்டும் என்று சொன்ன இடத்தில் இருப்பேன், போதும் என்று தோன்றினால் கிளம்பிவிடுவேன். பேட்டையில் ஆள் வேண்டும் என்றார்கள்.

அக்கா டிப்ளமோ படித்தவள். அங்கே இருந்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் சூளையின் மின்சாரப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எங்காவது சூடு ஏறவில்லை என்றால் மொபெட்டில் வந்து இறங்குவாள். பையில் வயர், டெஸ்டர், ஸ்குரூ டிரைவர். வாயில் முந்தைய பட்டறையின் சேதி. யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த முதலாளி மண் வாங்கிய இடத்தில் சண்டை போட்டார், எல்லாம் பெட்டியின் மூடி கழலும்போதே கழன்று விழும். கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டாள். கூட்டியும் சொல்ல மாட்டாள். உள்ளே வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

எச்சரித்திருந்தும் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். ஏனென்றால், எதிரில் இருப்பவன் பேசத் தொடங்கினால் அக்கா டெஸ்டரைக் கீழே வைத்துவிடுவாள். என் வாழ்க்கையில் நான் பேசும்போது கையில் இருந்ததைக் கீழே வைத்தவர்கள் குறைவு. சரக்கு கட்டும் வைக்கோல் கொட்டகையில்தான் நான் படுத்துக்கொள்கிறேன், அது மேஸ்திரிக்குத் தெரியாது என்று சொன்னேன். மறுநாள் கொட்டகையில் பூட்டு தொங்கியது. வைக்கோலில் எவனாவது பீடி பிடித்தால் பட்டறையே போய்விடும் என்றார் மேஸ்திரி. அது நியாயம்தான். நான் பீடி பிடிப்பதில்லை என்றால் யார் நம்புவார்கள்? சில நாள் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கிடந்தேன். கொசு அதிகம், தண்ணீர் நன்றாக இருந்தது.

"ஏங்க்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வெளிய சொல்லாதக்கான்னு நீ சொல்லலியே தம்பி."

"சொல்லியிருந்தா?"

அக்கா நிஜமாகவே யோசித்தாள். "அப்பவும் சொல்லித்தான் இருப்பன்," என்றாள்.

அந்தப் பதிலுக்கு மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அந்த வாரமே, சரக்கு கட்டும் பெண் ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை சும்மா கிடப்பதாகச் சொல்லி அனுப்பினாள். பிளாட்பாரத்தில் கிடக்கும் ஆள் என்று அக்கா மூலம்தான் அவளுக்கும் தெரிந்திருந்தது.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிட்டேன். எங்கள் பட்டறையில்தான் மண் அரைக்கும் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணையும் தண்ணீரையும் கூழாங்கற்களையும் பெரிய இரும்பு உருளைக்குள் போட்டுச் சுற்றவிடுவார்கள். அது சுற்றும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது. மாமா அதன் பக்கத்தில்தான் தன் வயதில் பாதியைக் கழித்திருந்தார். அரிதாகப் பேசுவார். மத்தியானத்தில் உருளையை நிறுத்திவிட்டு அக்காவும் அவரும் வேப்ப மரத்தடியில் சாப்பிடுவார்கள். அக்கா பேசுவாள், மாமா சாப்பிடுவார். அவள் மூச்சு வாங்கும் இடத்தில், சோற்றைப் பார்த்தபடியே, "ம், அப்பறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அக்கா பேட்டை முழுக்கச் சேதி பொறுக்கி வருகிறாள் என்று எங்களுக்குத் தோன்றும்.

நான் சேர்ந்த இரண்டாவது மழைக்காலத்தில் அந்தச் சொல் நின்றுபோனது. மாமாவின் காது முன்பே மந்தமாகிக்கொண்டு வந்திருந்தது. இப்போது அக்கா பேசப் பேச அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டுச் சாப்பிடுவார். மில்லில் வேறு ஆளைப் போட்டார்கள், மாமாவைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். மாமா அதை மாட்டிய முதல் நாளே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சத்தம் கேக்குது. பேச்சுதான் கேக்கல," என்றார் என்னிடம். "தட்டு வெச்சா மண்டைல வெக்கிற மாதிரி இருக்குது. பஸ்ஸு ஆரன் அடிச்சா உசுரு போவுது. அவ பேசறது மட்டும் வாயில துணி கட்டிப் பேசற மாதிரி."

அக்கா மறுபடி மாட்டிவிடுவாள், அவர் மறுபடி கழற்றுவார். சூளைப் பக்கத்து ஆட்கள் இதை வைத்து நிறையச் சிரித்தார்கள். "மாமா கொடுத்து வெச்சவரு. ரேடியோவ நிறுத்தற சுவிட்சு ஊருலயே அவருகிட்டதான் இருக்குது." அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒரு நாள் மின்சாரப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டாமலே என்னிடம் சொன்னாள்: "சத்தம் தாங்காமத்தான் கழட்டறாரா, இல்ல நான் போதும்னு கழட்டறாரான்னு ஒண்ணும் புரியல தம்பி." முதல்முறையாக அவள் சொன்ன ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. சத்தத்தை வாங்கி, கணக்குப் போட்டு, மாற்றித் திருப்பித் தருவதற்கென்றே எலக்ட்ரானிக் சில்லுகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டாள். மைக் செட் பெட்டிக்குள் இருக்கும், பெரிய காது மிஷினுக்குள் இருக்கும். மாமாவுக்கு எந்தெந்தச் சுருதி போய்விட்டதோ அதை மட்டும் தூக்கி, தட்டுச் சத்தத்தை அமுக்கும்படி அந்தச் சில்லுக்கு நாமே புரோகிராம் எழுதலாம். ஊருக்குப் பொதுவாக ஒரு மிஷின் இல்லாமல், இந்த ஒரு மனிதன் காதுக்கு ஒரு மிஷின். சென்னைக்குப் போய் அப்படிப்பட்ட சில்லு வைத்த பலகை ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவு பச்சைப் பலகை. அதைப் பற்றிப் பேட்டை முழுக்கச் சொன்னாள். மண் சுமக்கும் பெண்களுக்குக்கூடச் சுருதி என்றால் என்ன என்று தெரிந்துபோனது.

அதற்குப் பிறகுதான் சங்கதி தெரிந்தது. பலகை வாங்கலாம். அதற்குப் புரோகிராம் எழுதும் சாப்ட்வேர் தனி. அதற்கு ஒரு வருட வாடகை, அக்காவும் மாமாவும் சேர்ந்து ஒரு வருடம் வாங்கும் சம்பளத்தைத் தாண்டும். கம்ப்யூட்டரையும் பலகையையும் இணைக்கும் டப்பா ஒன்று, அதுவும் தனி. சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று விளக்கும் புத்தகத்தைக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். சொந்த மெயிலில் இருந்து எழுதினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

"இன்னா ஞாயம் இது? வூட்ட வித்துட்டு சாவிய வாடகைக்கி வுடறான்!" என்று அக்கா எல்லாச் சூளையிலும் கத்தினாள்.

முதலாளி பட்டறையின் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பெயரைத்தான் கொடுத்தார், பணம் தரவில்லை. அதுவே பெரிது. பெங்களூரில் இருந்து அந்தச் சில்லு விற்கும் ஏஜெண்டு போனில் பேசினார், நல்ல தமிழில். அக்கா ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"மேடம், உங்க கம்பெனி என்ன பண்றாங்க?"

"ப்யூஸ் கட்ட, கப்பு, அகல் வெளக்கு."

"ஓ... இதுல எங்க சிப் எங்க வருது? வருஷத்துக்கு எத்தன ஆயிரம் எடுப்பீங்க?"

"ஒண்ணு சார்."

"ஒரு ஆயிரமா?"

"ஒண்ணு. எங்கூட்டுக்காரருக்கு."

அந்த மனிதர், கேட்டுப் பார்க்கிறேன் மேடம் என்றார்.

அவர் பதிலுக்காகக் காத்திருந்த வாரங்களில்தான் பீங்கான் காது பிறந்தது. மிஷினில் இருந்து வரும் சத்தம் வெளியே ஒழுகாமல் இருக்க, காதுக்குள் கச்சிதமாக உட்காரும் ஓர் அடைப்பு வேண்டும் என்றாள் அக்கா. எங்கள் பேட்டையில் கச்சிதமாக ஒன்று வேண்டும் என்றால் யாருக்கும் ரப்பர் ஞாபகம் வராது. அச்சு போடும் ஆசாரியிடம் போனாள். பல் டாக்டர் பயன்படுத்தும் மாவை மாமாவின் காதில் வைத்து அழுத்தி ஓர் உரு எடுத்தார்கள். பீங்கான் சூளைக்குள் போனால் சுருங்கும், அதனால் எந்த உருவையும் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். இது பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை. அக்கா சுருக்கத்துக்கென்று உருவின் மேல் மெழுகு பூசிப் பெரிதாக்கிவிட்டு ஆசாரியிடம் கொடுத்தாள். ஆசாரி, படித்த பொம்பளைக்குச் சுருக்கம் எங்கே தெரியப்போகிறது என்று, அவரும் ஒரு சுற்றுப் பூசிவிட்டு அச்சு எடுத்தார். சூளை வண்டியில் வைத்த நான், ஒன்றும் சொல்லவில்லை. அதன் அளவைப் பார்த்து, அது காதுக்கு என்றே எனக்குத் தோன்றவில்லை.

சூளை திறந்தபோது, வெள்ளை வெளேரென்று, கண்ணாடி போல் பளபளத்துக்கொண்டு வந்தது அந்தக் காதடைப்பு. மாமா அதைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது மாட்டுக்கா?" என்றார்.

அக்கா ஆசாரியைத் திட்டினாள், ஆசாரி அக்காவைத் திட்டினார். "என்னாத்துக்கு ஆசாரி நீ கை வெச்ச?" "நீ ஏம்மா முன்னாடியே சொல்லல? ஊருக்கெல்லாம் சொல்ற, எனுக்குச் சொல்ல மாட்டியா?" அது ஒன்றுதான் அக்கா சொல்ல மறந்த சேதி. அந்தக் காதை மின்சாரப் பெட்டியின் மேல் பேனா குத்தி வைக்க வைத்துக்கொண்டாள். வருகிற போகிற எல்லோரிடமும் அதன் கதையைச் சொன்னாள்.

பெங்களூரில் இருந்து பதில் வந்தது. கையெழுத்துப் போட்டால் புத்தகம் தருவார்கள், சாப்ட்வேரையும் கொஞ்ச நாள் காசில்லாமல் பார்க்கலாம். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அக்கா உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். அதில் இருப்பது ஒரே சங்கதிதான்: இந்தப் புத்தகத்தில் உள்ள எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

போன் போட்டாள். "யாருகிட்டயுமுன்னா, எங்கூட்டுக்காரருகிட்டயுமா சார்?"

"ஆமா மேடம், யாருகிட்டயும். ஆனா யாரு வந்து பாக்கப்போறாங்க? சும்மா போடுங்க."

"இல்ல சார். நான் சொல்லிடுவன்."

"மேடம்?"

"என்னால வெச்சிக்க முடியாது சார். இங்க யார வேணாலும் கேளுங்க. இப்பயே சொல்லிட்டன், போட்டுட்டு அப்பறம் உங்களுக்குக் கெட்ட பேரு வேணாம்."

எங்களுக்குப் பொறுக்கவில்லை. முதலாளி திட்டினார். ஆசாரி, ஒரு கையெழுத்தில் என்ன போச்சு என்றார். நானும் கெஞ்சினேன். பொய்ப் பெயரிலேயே நான் பல ஊர்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அக்கா அசையவில்லை.

"அவுரு காதுக்குள்ள என்னா ஓடுதுன்னு அவுருகிட்டயே சொல்லக்கூடாதாம். அப்படி ஒண்ண மாட்டிவுட்டு நான் என்னா பேசறது அவுருகிட்ட?"

கேட்டில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு என்ன சண்டை என்று புரியவில்லை. என்னைக் கூப்பிட்டு, என்னா என்பது போலக் கையை ஆட்டினார். தரையில் படிந்திருந்த மண் தூளில் விரலால் எழுதிக் காட்டினேன்: ரகசியம் காப்பேன் என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டுமாம். மாமா படித்தார். "அவளா?" என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அக்கா தூரத்தில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தன் பேச்சைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்தாள் போல, அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை. வருவாள், பெட்டியைத் திறப்பாள், சரி செய்வாள், போவாள். நாங்கள் பேசினாலும் டெஸ்டரைக் கீழே வைக்கவில்லை. அப்போதுதான் பேட்டைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரேடியோ ரிப்பேரா என்று கேலி செய்த ஆட்களும் அடங்கினார்கள். எந்தப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார்கள். மத்தியானம் வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள். நான் ஊர் மாறலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் கேட்டுக்கு வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. நாற்பது வயது இருக்கும் அந்த ஆளுக்கு. மாமாவிடம் ஏதோ கேட்டார், மாமா அவரை என்னிடம் கைகாட்டினார்.

"இங்க பீங்கான்ல காது செய்யறாங்களாமே, அந்தம்மா யாருங்க?"

"யாரு சொன்னா?"

"எங்க பெண்ணாடம் ஊரே சொல்லுது. விருத்தாசலத்துல ஒரு அம்மா புருசனுக்குப் பீங்கான்ல காது செஞ்சி மாட்டிட்டாங்களாம், இப்ப அவுருக்கு நல்லா கேக்குதாம். எப்படின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தன்."

அக்காவைக் கூட்டி வந்தேன். அவர் பேனா குத்தியிருந்த காதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கரும்பு ஆலையில் வேலை பார்ப்பவராம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிப்பாராம். சிரித்து முடித்ததும், நிஜமாக என்ன நடந்தது என்று கேட்டார். பல நாள் அடைத்துக் கிடந்தது எல்லாம் அக்காவிடம் இருந்து கொட்டியது. அந்த ஆள் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தச் சிப்ப ஏங்க்கா புடிச்சித் தொங்கறீங்க?" என்றார். "கிடார் சத்தத்த மாத்தறதுக்கு நாங்க ஒரு போர்டு வெச்சிருக்கம். ஒங்க பலகையவிட வெல கம்மி. சாப்ட்வேரு காசே இல்ல. புத்தகத்த யாரு வேணா எடுத்துப் படிக்கலாம். எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. பாட்டுக்குப் பண்ணத பேச்சுக்குப் பண்ணிக்குங்க."

அக்கா நம்பவில்லை. "கையெழுத்து?"

"ஒண்ணும் கெடையாது."

"அதுல இருக்கறத வெளிய சொல்லலாமா?"

"சொல்லணும்க்கா. நீங்க எதாவது புதுசா கண்டுபுடிச்சா அதையும் எல்லாருக்கும் சொல்லுங்கறதுதான் அவங்க கேக்கறதே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாடா தம்பி!" என்றாள். அந்த நாள் முடிவதற்குள் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உடனே சரியாகிவிடவில்லை. அந்தப் போர்டும் லேசுப்பட்டது இல்லை. அக்கா எழுதினாள், தப்பானது, இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டாள், மறுபடி எழுதினாள். சோப்பு டப்பாவுக்குள் போர்டை வைத்து, மைக் வைத்து, சாதாரண இயர்போனை மாட்டி மாமாவின் காதில் வைத்தாள். முதல் தடவை மாமா முகத்தைச் சுளித்தார்.

"நீ ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ சொல்ற," என்றார்.

"எப்பவும் அப்படித்தான சொல்றன்?"

"இல்ல, இப்ப நெசமாவே ரெண்டு தடவ கேக்குது."

சத்தம் பெட்டிக்குள் போய்க் கணக்கு முடிந்து வருவதற்குள், அவள் குரல் நேராகவும் கொஞ்சம் காதில் விழுந்துவிடுகிறது. எதிரொலி மாதிரி. பெண்ணாடத்துக்காரர் வந்து, சத்தத்தைக் கொத்துக் கொத்தாக வாங்காமல் சின்னச் சின்னதாக வாங்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள் என்றார். அதற்கும் ஒரு மாதம் போனது. பிறகு தாமதம் போய்விட்டது. தட்டுச் சத்தம் மண்டையில் இடிக்காமல் தட்டுச் சத்தமாகவே கேட்டது, அக்காவின் பேச்சு பேச்சாகக் கேட்டது.

டப்பாவை மூடுவதற்கு முன்னால் அக்கா என்னிடம் கேட்டாள். "குமிழு ஒண்ணு வெக்கலாமா தம்பி? சத்தத்தக் கூட்டிக் கொறைக்க. கடைசிவரைக்கும் திருப்பனா ஆஃப் ஆயிடற மாதிரி."

"வெக்கறதுதான. அதுல என்னாக்கா யோசன?"

"ஆஃப் பண்ணிட்டாருன்னா?"

"வெக்காம வுட்டுடுங்க," என்றேன்.

"வெக்கலன்னா அவுரு கேட்டுத்தான் ஆவணும். அது எனுக்கு எதுக்கு?" என்றாள். சோப்பு டப்பாவில் துளை போட்டு, மாமாவின் கைக்கு எட்டும் பக்கமாகக் குமிழை வைத்தாள்.

நான் கிளம்பும் நாள் வந்துவிட்டது. யாரும் விரட்டவில்லை, என் கால்தான். ஊரைவிட்டுப் போகிறேன், மேஸ்திரியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று காலையில் அக்காவிடம் சொன்னேன். மத்தியானம் மேஸ்திரியே வந்து கணக்கை முடித்துக் கையில் கொடுத்தார். சரக்கு கட்டும் பெண் வழிக்குச் சோறு கட்டி வைத்திருந்தாள். ஆசாரி ஒரு பீங்கான் கப்பு கொடுத்தார். எந்த ஊரில் இருந்தும் நான் அப்படிக் கிளம்பியதில்லை. விடிவதற்குள் சொல்லாமல் போய்த்தான் பழக்கம்.

பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சோப்பு டப்பா, அதிலிருந்து இரண்டு காதுக்கும் வயர். அக்கா மொபெட்டில் சாய்ந்து நின்று, நான் போவதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டிக்கெட் தீர்ந்து இறங்கியதில் இருந்து தொடங்கி, கொட்டகை, பிளாட்பாரம் எல்லாம் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் மண் லாரி ஒன்று ஆரன் அடித்தபடி உள்ளே திரும்பியது. மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. குமிழைத் திருப்பினார். அக்கா பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள். அவள் பார்வை அந்தக் கையைவிட்டு நகரவில்லை. நானும் அதைத்தான் பார்த்தேன். லாரி எங்களைத் தாண்டி, சூளையைத் தாண்டி, மண் கொட்டும் இடத்துக்குப் போய் இன்ஜினை நிறுத்தும்வரை யாரும் பேசவில்லை.

மாமா குமிழை மறுபடி மேலே திருப்பினார். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ம், அப்பறம்?" என்றார்.